சந்தனக் கலர்னா எந்தக் கலர்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட்ல கோடிங் இல்ல, இன்டர்வியூ இல்ல, சம்பளப் பேச்சு இல்ல. இன்னைக்கு சுவர். ஆமா, வீட்டுச் சுவர்தான். நம்ம கேக்குறவங்கள்ல நிறைய பேர் இப்போதான் முதல் ஃபிளாட்டுக்கு ஈ.எம்.ஐ. கட்ட ஆரம்பிச்சிருப்பீங்க. இல்லன்னா அப்பா அம்மா இருக்கிற பழைய வீட்டைப் புதுசு பண்ணித் தரணும்னு நினைச்சுட்டு இருப்பீங்க. ரெண்டு பேருக்கும் இது உதவும்.

ஒரு பெயிண்ட் கடைக்குப் போங்க. "அண்ணா, லைட்டா ஒரு க்ரீம் கலர் காட்டுங்க"ன்னு கேளுங்க. அவர் ஷேட் கார்டை விசிறி மாதிரி விரிப்பார். ஐவரி, க்ரீம், பீஜ், பிஸ்கட், சந்தனம், கோதுமை, மணல்னு அதுலயே நாப்பது அம்பது இருக்கும். கார்டுல எல்லாம் ஒண்ணு மாதிரியே தெரியும். ஏதோ ஒண்ணைக் கைகாட்டிட்டு வருவீங்க. சுவர்ல அடிச்சதும் ஒரு வீட்டுல அது ரோஸ் அடிக்கும், இன்னொரு வீட்டுல பச்சை அடிக்கும், மூணாவது வீட்டுல அழுக்கு வெள்ளையா நிக்கும். டப்பா ஒண்ணுதான், நம்பரும் ஒண்ணுதான். அப்புறம் ஏன் இப்படி?

இந்த எபிசோட்ல நான் சொல்ல வர்றது ஒரே விஷயம்தான். சுவரோட கலர் டப்பாவுக்குள்ள முழுசா இல்ல. டப்பா, வெளிச்சம், கண்ணு, இந்த மூணும் சேர்ந்துதான் அந்தக் கலரை உருவாக்குது. முதல் விஷயத்துக்கு நாம ஆயிரக்கணக்குல செலவு பண்றோம். ரெண்டாவதுக்கு எலக்ட்ரிக் கடையில ரெண்டு நிமிஷம் ஒதுக்குறோம். மூணாவதைப் பத்தி யாரும் பேசுறதே இல்ல. எங்க வீட்டுல அந்த மூணாவதுதான் பெரிய விஷயமா ஆச்சு.

எங்க வீட்டு நிலவரம்

எங்க அப்பா அம்மா இருக்கிறது தாம்பரம் பக்கத்துல ஒரு ஃபிளாட். ரெண்டாவது மாடி, பதினஞ்சு வருஷப் பழைய கட்டடம். ஹால் வடக்குப் பார்த்தது. ஜன்னலைத் திறந்தா பத்தடி தள்ளி அடுத்த பில்டிங்கோட சுவர். அதுக்கு அவங்க பிஸ்தா பச்சை அடிச்சு வச்சிருக்காங்க.

தை மாசம் அக்காவுக்கு வளைகாப்பு, வீட்டுலயே வைக்கணும்னு முடிவாச்சு. அதுக்குள்ள பெயிண்ட் அடிச்சாகணும். அம்மா கட்சி: "வெள்ளைதான். வெள்ளை அடிச்சாதான் ஹால்ல வெளிச்சம் நிக்கும்." அப்பா கட்சி: "சந்தனக் கலர். கண்ணுக்குக் குளுமையா இருக்கும்." நான் இன்ஸ்டாகிராம்ல பார்த்த 'வார்ம் நியூட்ரல்' கட்சி. யோசிச்சுப் பார்த்தா அப்பா சொன்னதும் நான் சொன்னதும் ஒண்ணுதான். அவர் தமிழ்ல சொல்லிட்டார்.

சிக்கல் வேற இடத்துல இருந்துச்சு. அப்பாவுக்கு அறுபத்தாறு வயசு. ஐப்பசியில வலது கண்ணுல கேட்டராக்ட் ஆபரேஷன் முடிஞ்சிருந்தது. இடது கண்ணுக்கு டிசம்பர்ல தேதி. நடுவுல நான் ஷேட் கார்டை எடுத்துட்டுப் போறேன். அப்பா ஒரு சந்தனக் கலரைக் கையில வச்சுக்கிட்டு இடது கண்ணை மூடினார். "இது வெள்ளைடா" அப்படின்னார். வலது கண்ணை மூடினார். "இது நல்ல சந்தனம்." திரும்ப மாத்தி மாத்தி மூடிப் பார்த்துட்டு, "நீ ஒரு கார்டுதான் கொண்டு வந்தியா, ரெண்டா?"ன்னு கேட்டார்.

வீட்டுல எல்லாரும் சிரிச்சோம். ஆனா யோசிச்சுப் பாருங்க. அந்த வீட்டுல நாள் முழுக்க இருக்கப் போறவர் அவர். அவருக்கே ரெண்டு கண்ணும் ரெண்டு கலர் சொல்லுது. எந்தக் கண்ணுக்கு நாம பெயிண்ட் அடிக்கிறது?

இதுக்குப் பதில் சொல்லணும்னா முதல்ல டப்பாவுல இருந்து வரணும்.

டப்பாவுக்குள்ள என்ன இருக்கு

கடையில இருக்கிற டின்டிங் மெஷினைப் பார்த்திருப்பீங்க. வெள்ளை பேஸ் டப்பாவை வச்சு, கம்ப்யூட்டர்ல ஷேட் நம்பரைத் தட்டுவாங்க. மேல இருந்து சொட்டு சொட்டா சாயம் விழும். அப்புறம் டப்பாவைக் குலுக்கிக் கொடுப்பாங்க. அந்த வெள்ளையைத் தர்றது டைட்டானியம் டை ஆக்சைடு. நம்ம சந்தன வகைக் கலர் எல்லாத்துக்கும் விழுற சாயம் பெரும்பாலும் மூணு: மஞ்சள் ஆக்சைடு, சிவப்பு ஆக்சைடு, கொஞ்சம் கறுப்பு. அந்த மஞ்சளும் சிவப்பும் இரும்பு ஆக்சைடுதான், அதாவது துருவோட சொந்தக்காரங்க. நம்ம ஊரு காவியும் அதே குடும்பம்தான்.

இந்த மூணோட விகிதம்தான் விளையாட்டு. மஞ்சளோட கறுப்பு சேர்ந்தா அது லேசா பச்சைப் பக்கம் சாயும். வாட்டர்கலர்ல கலந்து பார்த்தவங்களுக்குத் தெரியும், ஆலிவ் பச்சை அப்படித்தான் வரும். அதுலயே ரெண்டு சொட்டு சிவப்பு கூடினா பச்சை அடங்கி ரோஸ் பக்கம் போகும். ஒரு க்ரீம் கலருக்குள்ள ஒளிஞ்சிருக்கிற இந்தச் சாய்வைத்தான் 'அண்டர்டோன்'னு சொல்றாங்க. கார்டை மட்டும் தனியா பார்த்தா இது தெரியாது. ஒரு ஏ4 பேப்பரை எடுத்து கார்டுக்குப் பக்கத்துல வச்சுப் பாருங்க. பக்கத்துல ஒரு வெள்ளை வந்த உடனே, இது மஞ்சளா, ரோஸா, பச்சையான்னு கார்டு தானா சொல்லிடும்.

இது நம்ம ஊருக்குப் புதுசு இல்ல. பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கிறதைப் பார்த்தவங்க வீட்டுல இருந்தா கேட்டுப் பாருங்க. கிளிஞ்சல் சுண்ணாம்பை ஊற வச்சு, அதுல கொஞ்சம் நீலம் கலப்பாங்க. எதுக்கு? சுண்ணாம்புல இருக்கிற லேசான மஞ்சளை அந்த நீலம் அமுக்கிடும், கண்ணுக்குப் பளிச்னு தெரியும். வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுறதும் அதே கணக்குதான். அதாவது நம்ம தாத்தா பாட்டி அண்டர்டோனை நீக்கறதுக்குக் காசு கொடுத்தாங்க. நாம அதே மஞ்சளைத் திரும்பக் கொண்டு வர்றதுக்குக் காசு கொடுக்கிறோம்.

டப்பா பத்தி இன்னொரு நம்பர் மட்டும் சொல்லிட்டுப் போயிடறேன். எல்.ஆர்.வி. ஒரு நிறம் தன் மேல விழுற வெளிச்சத்துல எவ்வளவைத் திருப்பி அனுப்புதுன்னு சொல்ற அளவு இது. 0 சுத்தக் கறுப்பு, 100 சுத்த வெள்ளை. நிறைய கம்பெனிகள் ஷேட் கார்டுலயோ வெப்சைட்லயோ இதைப் போடுறாங்க. வெளிச்சம் குறைவான ஹாலுக்கு 70க்கு மேல பார்த்துக்கோங்க. அம்மாவோட "வெளிச்சம் நிக்கும்"ங்கிற வாதத்துக்கு இதுதான் பதில். வெள்ளையா இருந்தாதான் வெளிச்சம் நிக்கும்னு இல்ல, எல்.ஆர்.வி. உயர்ந்த சந்தனத்துலயும் நிக்கும். இந்த நம்பரை மனசுல வச்சுக்கோங்க, கடைசியில இது ரொம்ப முக்கியமான இடத்துல திரும்ப வரும்.

பிரபஞ்சத்தோட கலர், ஒரு பக்

இப்போ வெளிச்சத்துக்கு வருவோம். அதுக்கு முன்னாடி ஒரு கதை. சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

கார்ல் கிளேஸ்புரூக், இவான் பால்ட்ரின்னு ரெண்டு வானியலாளர்கள். ரெண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸிகளோட ஒளியை ஒண்ணா கூட்டி, 'இதை எல்லாம் ஒரே இடத்துல கலந்தா கண்ணுக்கு என்ன நிறமா தெரியும்?'னு கணக்கு போட்டாங்க. 2002 ஆரம்பத்துல விடையை அறிவிச்சாங்க: வெளிர் பச்சை. உலகம் முழுக்க நியூஸ். ஒரு ரெண்டு மாசம் கழிச்சு திருத்தம் வந்துச்சு. அவங்க பயன்படுத்தின கலர் சாஃப்ட்வேர்ல 'வெள்ளைப் புள்ளி', அதாவது எதை வெள்ளைன்னு எடுத்துக்கிட்டு மத்த நிறங்களைக் கணக்கிடுறோமோ அந்த அடிப்படை, சரியா அமையல. அதைச் சரி பண்ணி ஓட்டினா விடை லேசான பீஜ். ஆர்.ஜி.பி.ல சொன்னா 255, 248, 231. அதுக்கு 'காஸ்மிக் லாட்டே'ன்னு பேர் வச்சாங்க. நம்ம ஊருல வச்சிருந்தா டிகிரி காபி நுரைன்னு வச்சிருப்போம்.

கவனிங்க, கேலக்ஸிகள்ல இருந்து வந்த டேட்டா மாறவே இல்ல. எது வெள்ளைங்கிற ஒரு மதிப்பு மட்டும்தான் மாறுச்சு. அதுக்கே பிரபஞ்சம் பச்சையில இருந்து பீஜுக்குப் போயிடுச்சு. உங்க ஹால் எம்மாத்திரம்?

எது வெள்ளைன்னு பல்பு முடிவு பண்ணும்

உங்க வீட்டுல ராத்திரி எது வெள்ளைங்கிறதை முடிவு பண்றது பல்பு. பல்பு டப்பாவுல கெல்வின்னு ஒரு நம்பர் இருக்கும். குத்துவிளக்கு சுடர் சுமார் 1900. பழைய குண்டு பல்பு 2700. நம்ம வீடுகள்ல பெரும்பாலும் இருக்கிற 'கூல் டேலைட்' ட்யூப் 6500. நம்பர் ஏற ஏற நீலம் கூடும். வெள்ளை எல்.ஈ.டி.ன்னு நாம வாங்குறதே அடிப்படையில நீல எல்.ஈ.டி. மேல மஞ்சள் பாஸ்பர் பூசினதுதான். வார்ம் ஒயிட்ல மஞ்சள், சிவப்பு பங்கு கூடுதலா இருக்கும்.

இப்போ ஒருத்தர் ஆசை ஆசையா சந்தனக் கலர் அடிச்சுட்டு, மேல 6500 கெல்வின் ட்யூப் போடுறார்னு வைங்க. சுவர்ல மஞ்சள், லைட்ல நீலம். தாத்தா காலத்துல சுண்ணாம்புல நீலம் கலந்த மாதிரியே இது. சந்தனம் செத்துப் போய் சாம்பல் ஆயிடும், இல்ல பச்சை எட்டிப் பார்க்கும். அப்புறம் திட்டு வாங்குறது பெயிண்டர் அண்ணா.

அதனால வரிசையை மாத்துங்க. எல்லாரும் முதல்ல பெயிண்ட், கடைசியில பல்பு வாங்குறாங்க. நீங்க முதல்ல பல்பை முடிவு பண்ணுங்க. ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் 3000, சமையல் மேடைக்கும் படிக்கிற இடத்துக்கும் 4000னு வச்சுக்கலாம். சி.ஆர்.ஐ.ன்னு இன்னொரு நம்பர் இருக்கும், நிறத்தை எவ்வளவு உண்மையா காட்டுதுங்கிற அளவு. 90க்கு மேல கிடைச்சா வாங்குங்க. எங்க ஏரியா எலக்ட்ரிக் கடைக்காரர், "வார்ம் ஒயிட் ட்யூப்பை இங்க யாரும் கேக்க மாட்டாங்க தம்பி, சொல்லி வச்சாதான் வரும்"னார். சொல்லி வச்சோம், நாலு நாள்ல வந்துச்சு.

ஒரு எச்சரிக்கை. வார்ம் லைட்னா மங்கலான லைட்டுன்னு அர்த்தம் இல்ல. கெல்வின் நிறத்தைச் சொல்லுது, லூமென்தான் அளவைச் சொல்லுது. ரெண்டையும் குழப்பிக்கிட்டு, குட்டியா ரெண்டு மஞ்சள் பல்பைப் போட்டா, "ஏன்டா வீட்டை ஹோட்டல் பார் மாதிரி ஆக்கி வச்சிருக்கே"ன்னு வீட்டுல கேப்பாங்க. நியாயமான கேள்வி.

சூரியன், பக்கத்து வீட்டுப் பச்சை

பகல் வெளிச்சத்துக்கு யூடியூப்ல ஒரு விதி ரொம்பப் பிரபலம். 'வடக்குப் பார்த்த ரூம்ல எப்பவும் நீலமான குளிர் வெளிச்சம்தான் வரும், அதனால வார்ம் கலர் அடிங்க.' இது லண்டனுக்குச் சரி. அங்க மதிய சூரியன் எப்பவுமே தெற்குலதான். சென்னை இருக்கிறது 13 டிகிரி வடக்குல. ஏப்ரல் கடைசி வாரத்துல இருந்து ஆகஸ்ட் மூணாவது வாரம் வரைக்கும் இங்க மதிய சூரியன் நமக்கு வடக்குல போகும். எங்க வடக்கு ஹால்ல மே, ஜூன் மாசம் ஜன்னல் ஓரத்துல நேர் வெயிலே விழும். மார்கழியில அதே ஹால் நாள் முழுக்க நிழல். அதனால வெளிநாட்டு வீடியோவோட திசைக் கணக்கை அப்படியே எடுத்துக்காதீங்க. நம்ம ஊருல ஒரே சுவர் ரெண்டு சீசனுக்கு ரெண்டு மாதிரி இருக்கும்.

திசையை விடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. அதை யூடியூப் சொல்லாது, ஏன்னா அவங்க வீட்டு ஜன்னலுக்கு வெளிய தோட்டம் இருக்கு. நமக்கு வெளிய அடுத்த வீட்டுச் சுவர் இருக்கு. எங்க ஹாலுக்கு வர்ற பகல் வெளிச்சத்துல பெரும்பகுதி அந்த பிஸ்தா பச்சைச் சுவர்ல பட்டுத்தான் உள்ள வருது. பதினோரு மணிக்கு ஒரு வெள்ளைப் பேப்பரை ஜன்னல் பக்கத்துல பிடிச்சா லேசா பச்சை தெரியும். ஏற்கெனவே பச்சைச் சாய்வு இருக்கிற பீஜை அங்க அடிச்சா, ஹால் பாசி பிடிச்ச மாதிரி இருக்கும். அதனால நாங்க சிவப்பு ஆக்சைடு கொஞ்சம் தூக்கலா இருக்கிற சந்தனத்தைத் தேடினோம். உங்க ஜன்னலுக்கு வெளிய ஆரஞ்சு பில்டிங் இருந்தா, நீங்க எதிர்ப்பக்கமா யோசிக்கணும்.

கண்ணு

இப்போ அப்பாவோட ரெண்டு கண்ணுக்கு வருவோம்.

கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் சின்ன வயசுல கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும். வயசு ஆக ஆக அது மஞ்சளாகும். மஞ்சள் கண்ணாடி நீல ஒளியைத் தடுக்கும். கேட்டராக்ட் வந்தா அது இன்னும் மங்கலாகி, பழுப்பாகிடும். இது மெதுவா வருஷக்கணக்குல நடக்கிறதால ஆளுக்குத் தெரியாது. மூளை தன்னோட வெள்ளைப் புள்ளியைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்திக்கிட்டே வரும். ஆபரேஷன்ல அந்த லென்ஸை எடுத்துட்டுத் தெளிவான செயற்கை லென்ஸ் வைக்கும்போது, இத்தனை வருஷமா வராத நீலம் திடீர்னு உள்ள வரும். அதனாலதான் ஆபரேஷன் ஆன கண்ணுக்கு எல்லாம் வெள்ளையா, சில சமயம் நீலமாகூட தெரியுது. ஓவியர் மோனேவுக்கு 1923ல வலது கண்ணுல இந்த ஆபரேஷன் நடந்துச்சு. அதுக்கப்புறம் எல்லாம் நீலமா தெரியுதுன்னு அவர் புலம்பியிருக்கார், கலர் கண்ணாடி எல்லாம் போட்டுப் பார்த்திருக்கார்.

அப்பாவோட எந்தக் கண்ணு சரின்னு கேட்டா, வலது கண்ணுதான் இனிமே. இடதும் சீக்கிரம் அந்தப் பக்கம் வரப் போகுது. அம்மா ஒரே வரியில முடிச்சுட்டாங்க: "கண்ணு ஆகட்டும், அப்புறம் கலர் பார்க்கலாம்." எட்டு வாரம் தள்ளிப் போனாலும் அதுதான் சரி. பெயிண்ட் வேலையைப் பொங்கலுக்கு அடுத்த வாரத்துக்கு மாத்தினோம். பட்டி தேய்க்கும்போது பறக்கிற தூசு ஆபரேஷன் பண்ண கண்ணுக்கு ஆகாதுங்கிறதால, அந்தப் பத்து நாளும் அப்பா சித்தப்பா வீட்டுல.

ஆனா நிறத்தை விட முக்கியமான ஒண்ணு இந்த இடைவெளியிலதான் எங்களுக்குப் புரிஞ்சது. இன்னைக்கு இந்த எபிசோட் பண்றதுக்கே அதுதான் காரணம்.

இன்ஸ்டாகிராம் வார்ம் நியூட்ரல் வீட்டை ஞாபகப்படுத்திக்கோங்க. சுவர் பீஜ், தரை பீஜ், சோபா பீஜ், திரை பீஜ், சுவிட்ச் போர்டு பீஜ், கதவும் பீஜ். போட்டோவுல அமைதியா இருக்கும். அறுபது வயசுக் கண்ணுக்கு, இருபது வயசுக் கண்ணுக்குள்ள போற வெளிச்சத்துல சுமாரா மூணுல ஒரு பங்குதான் விழித்திரைக்குப் போய்ச் சேரும். பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டு வெளிர் நிறத்தைப் பிரிச்சுப் பார்க்கிற திறனும் வயசோட குறையும். அவங்களுக்கு அந்த அமைதியான வீடு எப்படித் தெரியும்? விளிம்பே இல்லாத ஒரு மூடுபனியா தெரியும்.

எங்க ஹால்ல இருந்து பால்கனிக்கு இறங்க நாலு அங்குலத்துல ஒரு படி இருக்கு. மேலயும் கீழயும் ஒரே பீஜ் டைல். ரெண்டு வருஷமாவே அப்பா அந்த இடத்துல சுவரைத் தடவிக்கிட்டுத்தான் இறங்குவார். நாங்க அதை முட்டி வலின்னு நினைச்சிருந்தோம். இடது கண்ணு ஆபரேஷனுக்கு முந்தின வாரம் அவரே சொன்னார்: "முட்டி நல்லாத்தான் இருக்கு. படி எங்க முடியுதுன்னுதான் தெரியல." சுவரும் அதே நிறத்துல போயிருந்தா, தடவுறதுக்கு இருந்த அந்தச் சுவரும் கரைஞ்சு போயிருக்கும்.

இங்கதான் எல்.ஆர்.வி. திரும்ப வருது. பிரிட்டன்ல பொதுக் கட்டடங்களுக்கான வழிகாட்டு விதிகள்ல, பார்வை குறைஞ்சவங்களுக்காக ஒரு கணக்கு வச்சிருக்காங்க. சுவரும் கதவும், சுவரும் கைப்பிடியும் மாதிரி பக்கத்துப் பக்கத்துல வர்ற முக்கியமான பரப்புகளுக்கு நடுவுல எல்.ஆர்.வி. வித்தியாசம் 30 புள்ளியாவது இருக்கணும். நம்ம வீட்டுக்குப் போட்டுப் பாருங்க. சுவர் 72. வெள்ளை சுவிட்ச் பிளேட் 85னு வைங்க, வித்தியாசம் வெறும் 13. அதே இடத்துல அடர் பிரவுன் பிளேட், 10னு வைங்க, வித்தியாசம் 62. ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணி குடிக்க எந்திரிக்கிறவருக்கு இந்த 62தான் சுவிட்ச் இருக்கிற இடம்.

பழைய வீடுகள்ல இது இருந்துச்சு. வெள்ளைச் சுவர், கீழ்ப்பகுதியில காவிப் பட்டை. திண்ணை விளிம்புல, வாசப்படி விளிம்புல காவிக் கோடு. அழகுக்கும் சாஸ்திரத்துக்கும்னு நாம நினைக்கிறோம். காரணம் என்னவா இருந்தாலும், சிம்னி விளக்கு வெளிச்சத்துல தரை எங்க முடியுது, சுவர் எங்க ஆரம்பிக்குதுன்னு அந்தக் கோடு தெளிவா காட்டியிருக்கும்.

கடைசியில என்ன பண்ணோம்

மூணு ஷேட் தேர்ந்தெடுத்தோம். நேரா சுவர்ல அடிச்சுப் பார்க்கல. பழைய கலருக்கு நடுவுல புதுக் கலரைப் பார்த்தா கண்ணு ஏமாறும். ரெண்டடிக்கு ரெண்டடி வெள்ளை அட்டை மூணு வாங்கி, சின்ன சாம்பிள் டப்பாவுல இருந்து ரெண்டு கோட்டிங் அடிச்சு, ஓரத்துல வெள்ளையை அப்படியே விட்டோம். அட்டையைத் தரையில போட்டுப் பார்க்காம சுவர்ல சாய்ச்சு நிறுத்திப் பார்த்தோம், வெளிச்சம் விழுற கோணம் மாறும் இல்லையா. காலையில ஏழு மணி, மதியம் ஒரு மணி, ராத்திரி எட்டு மணிக்குப் புது ட்யூப்ல. ஒவ்வொரு தடவையும் தரை டைல் பக்கத்துலயும் கதவுக் கட்டை பக்கத்துலயும் வச்சு. அக்கா போட்டோ கேட்டா, அனுப்பினேன். ஆனா அதை வச்சு முடிவு பண்ணாதேன்னு சொல்லிட்டேன். போன் கேமரா ஆட்டோ ஒயிட் பேலன்ஸ்னு தானா ஒரு வெள்ளைப் புள்ளியை வச்சுக்கும். பீஜ் சுவர் ஃபிரேம் முழுக்க இருந்தா அதைச் சாம்பலாக்கத்தான் பார்க்கும்.

ரெண்டு நாள்ல ரெண்டு அட்டை தோத்துடுச்சு. ஒண்ணு பகல்ல பச்சை அடிச்சது, இன்னொண்ணு ராத்திரி ரோஸ் அடிச்சது. மூணாவது மூணு நேரமும் சந்தனமாவே நின்னுச்சு. அப்பா ரெண்டு கண்ணையும் மாத்தி மாத்தி மூடிப் பார்த்தார். ரெண்டும் ஒரே பதில் சொல்லுச்சு. ஹால், பெட்ரூம் எல்லாம் அதுதான். சீலிங் வெள்ளை, அது அம்மாவுக்கு. கை படுற இடம் துடைக்க வசதியா இருக்கணும்னு லேசா பளபளப்பு வர்ற ஃபினிஷ். முழு பளபளப்பு போட்டா பட்டி பார்த்த மேடு பள்ளம் எல்லாம் லைட்ல காட்டிக் கொடுத்துடும், வயசானவங்களுக்குக் கூசவும் செய்யும்.

அப்புறம் விளிம்புகள். கதவு நிலைகளுக்கு அடர் பிரவுன். சுவிட்ச் பிளேட் அதே பிரவுன். பாத்ரூம் கைப்பிடிக்கும் அப்படியே. பால்கனிப் படி விளிம்புல மூணு விரல் அகலத்துக்குக் காவி நிறத்துல வழுக்காத பட்டை ஒட்டினோம். மொத்தச் செலவுல இந்த விளிம்பு வேலைக்கு ஆனது ரொம்பக் கொஞ்சம். பெயிண்டர் அண்ணா, "எல்லாரும் சுவரோட மேட்ச் பண்ணச் சொல்லுவாங்க, நீங்க என்ன தம்பி மேட்ச் ஆகக்கூடாதுங்கறீங்க?"ன்னு சிரிச்சார். காரணத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் எதுவும் பேசல. சாயங்காலம் அந்தப் பட்டை எந்தக் கடையில கிடைக்குதுன்னு கேட்டு எழுதிக்கிட்டுப் போனார், அவங்க அம்மாவுக்காக.

நீங்க என்ன பண்ணலாம்

சொந்த வீடா? இந்த வாரம் பெயிண்ட் கடைக்குப் போகாதீங்க. முதல்ல பல்பு டப்பாக்களைத் தேடி கெல்வின் நம்பரைப் பாருங்க. ஒரு வெள்ளைப் பேப்பரை எடுத்து, பகல்ல மூணு தடவை ஒவ்வொரு ஜன்னல் பக்கத்துலயும் பிடிச்சு, என்ன நிறம் அடிக்குதுன்னு குறிச்சு வைங்க. அதுக்கப்புறம் ஷேட் கார்டு. மழைக்கு அப்புறம் சுவர்ல ஓதம் இருந்தா அதை முதல்ல சரி பண்ணுங்க, எந்த சந்தனமும் ஓதத்தை மறைக்காது.

வாடகை வீடா? சுவரைத் தொடாதீங்க. காலி பண்ணும்போது பெயிண்டுக்குன்னு ஒரு மாச வாடகையை எப்படியும் பிடிச்சுடுவாங்க, நீங்க வேற எதுக்குச் செலவு பண்ணணும்? 6500 ட்யூபைக் கழட்டி எடுத்து வச்சுட்டு 3000 போடுங்க. ஓனரோட அதே பழைய வெள்ளைச் சுவர் அன்னைக்கு ராத்திரியே க்ரீம் ஆயிடும். போகும்போது அந்த ட்யூபை உங்களோட எடுத்துட்டுப் போயிடலாம்.

கடைசியா எல்லாருக்கும் ஒண்ணு. இந்த வார இறுதியில ஊருக்குப் போனா, இல்ல பக்கத்து ரூம்லயே இருந்தாலும், அப்பாவையோ அம்மாவையோ பாட்டியையோ கூட்டிக்கிட்டு சாயங்காலம் லைட் போட்ட பிறகு வீட்டை ஒரு சுத்து வாங்க. "இங்க என்ன தெரியலை?"ன்னு மட்டும் கேளுங்க. அவங்களா சொல்ல மாட்டாங்க. கண்ணு தெரியலைன்னு சொல்றதுக்கு அவங்களுக்குக் கூச்சம் இருக்கும். கேட்டா சொல்லுவாங்க. அந்த லிஸ்ட் கையில வந்த பிறகு கலர் தேர்ந்தெடுங்க.

உங்க வீட்டு ஜன்னலுக்கு வெளிய என்ன கலர் சுவர் இருக்குன்னு எனக்கு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட் ஆரம்பத்துல சிலதைப் படிக்கிறேன். அடுத்த வாரம் திரும்ப வேலை, சம்பளம், இன்டர்வியூன்னு நம்ம வழக்கமான சோகங்களைப் பேசுவோம். அதுவரைக்கும் பத்திரமா இருங்க.